சுவரில் தொப்பி, அடுப்பில் என்ன?

ஓட்டலுக்குப் போவது பசிக்காக என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. வேடிக்கை பார்ப்பதற்கென்றே குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போகும் காலம் இது. ராஜஸ்தான் கிராமம் போல் ஜோடிக்கப்பட்ட ஓட்டல், ரயில் பெட்டி போன்ற ஓட்டல், ஆகாய விமானத்துக்குள் அமர்ந்து சாப்பிடும் ஓட்டல் என்று தலைநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல முளைத்திருக்கின்றன. இந்த வரிசையில் மெக்ஸிகோ நாட்டின் பெயரைச் சொல்லி நடத்தப்படும் ஓட்டல்களுக்குத் தனி மவுசு. மங்கலான வெளிச்சம், சுவரில் அண்டா மூடி அளவுக்கு அகலமான வைக்கோல் தொப்பி, மூலையில் கள்ளிச்செடி, காதில் கித்தார் இசை, தலையில் தொப்பியும் தோளில் கோடு போட்ட போர்வையுமாக வந்து நிற்கும் சிப்பந்தி. நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில் வேறொரு தேசத்துக்கு வந்துவிட்டதாக ஒரு பிரமை.

ஜனக்புரிவாசிகளுக்கு இந்தப் பிரமை எட்டாத தூரத்தில் இல்லை. 2005 டிசம்பர் 31இல் துவாரகா வரை ப்ளூ லைன் மெட்ரோ ஓடத் தொடங்கியதிலிருந்து ரஜௌரி கார்டனும் கன்னாட் பிளேஸும் பக்கத்து வீதிகள் போலாகிவிட்டன. 2018 மே மாதம் மெஜந்தா லைன் வந்தபின் தெற்கு தில்லியும் அப்படியே. முன்பெல்லாம் பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்கப் பயந்து வீட்டோடு இருந்த குடும்பங்கள், இன்று ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளோடு மெட்ரோ ஏறிவிடுகின்றன.

மகளுக்குப் பிறந்த நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறான். "இந்தத் தடவை மெக்ஸிகன் ஓட்டலுக்குப் போகலாம் அப்பா" என்று பிள்ளைகள் ஆரம்பிக்கிறார்கள். "சோள ரொட்டிக்கா இத்தனை காசு?" என்று பாட்டி கேட்கிறாள். "வருஷத்தில் ஒரு நாள்தானே" என்று தாயார் சமாதானம் சொல்கிறாள். ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் தகப்பனார் மனத்துக்குள் ஒரு வாரத்துக் காய்கறிச் செலவையும் பால் கணக்கையும் கூட்டிப் பார்க்கிறார். மேற்கு தில்லியில் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் நடக்கும் வாக்குவாதம் இது.

இதில் யார் கட்சி நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது சுலபமில்லை. பிள்ளைகளின் ஆசையும் தப்பில்லை. பாட்டியின் கேள்வியும் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியைச் சற்று நீட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. கொடுக்கும் காசு சாப்பாட்டுக்கா, சுவருக்கா? சுவர் காட்டும் ஊர் உண்மையில் எங்கேயாவது இருக்கிறதா? அந்த ஊர்க்காரனுக்கு இதில் என்ன மரியாதை கிடைக்கிறது? பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்க மற்றவர்களைவிட அதிக உரிமை உண்டு. ஏனென்றால் அவர்களுடைய ஊரும் பிறர் கையில் வேடமாக மாறிய ஊர்தான்.

வேடம் வந்த வழி

1990களில் கன்னாட் பிளேஸில் பெயர் பெற்ற உணவகம் ரோடியோ. மது பரிமாறும் இடத்தில் நாற்காலிக்குப் பதிலாகக் குதிரைச் சேணங்களைப் பொருத்தியிருந்தார்கள். சிப்பந்திகள் கௌபாய் உடையில் வந்தார்கள். மெக்ஸிகோ உணவு அங்கே முக்கியப் பண்டம். கௌபாய் அமெரிக்கன் ஆயிற்றே, அவனுக்கும் மெக்ஸிகோவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் உண்டு. குதிரை மேலிருந்து கயிறு வீசி மாடு பிடிக்கும் வித்தையை அமெரிக்கர்கள் கற்றுக்கொண்டது மெக்ஸிகோவின் 'வக்கேரோ' என்ற மாட்டுக்காரர்களிடமிருந்துதான். ரோடியோ என்பதே ஸ்பானியச் சொல். கற்றுக் கொடுத்தவன் பெயர் மறைந்தது. கற்றுக் கொண்டவன் வேடம் உலகம் சுற்றுகிறது.

இந்த வேட ஓட்டல்களுக்கெல்லாம் பெரியண்ணன் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரை ஒட்டிய லேக்வுட்டில் 1974இல் திறக்கப்பட்ட 'காசா போனிட்டா' அது. அழகிய வீடு என்று பொருள். வெளியே இளஞ்சிவப்புக் கோபுரம். உள்ளே சுமார் 30 அடி உயரச் செயற்கை நீர்வீழ்ச்சி. மெக்ஸிகோவின் அகபுல்கோ கடற்கரையில் செங்குத்துப் பாறையிலிருந்து வாலிபர்கள் கடலில் குதிப்பது பிரசித்தம். அதைப் போலவே இந்த ஓட்டலுக்குள்ளும் ஆட்கள் மேலிருந்து தண்ணீரில் குதிப்பார்கள். குகை உண்டு, பொம்மலாட்டம் உண்டு. ஐம்பது ஆண்டுகளாகப் பிள்ளைகள் அங்கே போகத் துடித்தார்கள். ஆனால் போய்வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள்: சாப்பாடு மட்டம். நீர்வீழ்ச்சியைப் பார்க்கத்தான் கூட்டம்; தட்டில் விழுந்ததைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்கள் குறைவு.

2020இல் கொரோனா வந்தபோது காசா போனிட்டா மூடப்பட்டது, கடனில் மூழ்கியது. 2021இல் டிரே பார்க்கர், மாட் ஸ்டோன் என்ற இரண்டு தொலைக்காட்சிக் கலைஞர்கள் அதை வாங்கினார்கள். வாங்கிய விலை சுமார் 31 லட்சம் டாலர். செப்பனிடும் செலவோ நான்கு கோடி டாலரைத் தாண்டியது. சுவருக்கும் குழாய்க்கும் இவ்வளவு கொட்டியவர்கள் ஒரு புத்திசாலித்தனமான காரியமும் செய்தார்கள். சமையற்கட்டின் பொறுப்பை டானா ரோட்ரிகஸ் என்ற பெண்மணியிடம் ஒப்படைத்தார்கள். மெக்ஸிகோவின் சிவாவா மாநிலத்திலிருந்து பிழைக்க வந்து, பாத்திரம் கழுவும் வேலையில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தவர் அவர். டென்வருக்கு வந்த புதிதில் இதே காசா போனிட்டாவில் வேலை கேட்டுப் போய், இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்! 2023இல் ஓட்டல் மறுபடி திறந்தபோது அடுப்படிக்கு அவர்தான் தலைமை.

மெக்ஸிகோவின் பெயரில் நடந்த ஓட்டல், மெக்ஸிகோவிலிருந்து வந்த பெண்ணுக்கு வேலை இல்லை என்றது. கால் நூற்றாண்டு கழித்து அதே ஓட்டல் அவளிடமே கரண்டியைக் கொடுத்தது. தொப்பிக்கு இருந்த மதிப்பு அதை அணிந்த ஆளுக்கு வருவதற்கு இவ்வளவு காலம் பிடித்தது.

தூங்குபவனும் உழைப்பவனும்

மெக்ஸிகோ என்றதும் சுவர்களில் வரையும் சித்திரம் ஒன்று உண்டு. கள்ளிச்செடி நிழலில், பெரிய தொப்பியை முகத்தின் மேல் சரித்துக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி தூங்கும் ஓர் ஆள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். அது சொல்லும் செய்தி என்ன? அந்த நாட்டான் சோம்பேறி என்பது.

உண்மை என்ன? இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் பண்ணைகளில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. 1942இல் இரு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி மெக்ஸிகோ தொழிலாளர்கள் எல்லை தாண்டிக் கூலி வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். 1964 வரை நடந்த இந்த ஏற்பாட்டில் 46 லட்சம் கூலி ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. பருத்தி எடுத்ததும், பீட்ரூட்டுக்குக் களை வெட்டியதும், பழம் பறித்ததும் அவர்கள் கைகள். ஆரம்ப ஆண்டுகளில் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து பிடித்து, ஊர் திரும்பும்போது தரப்படும் என்றார்கள். பலருக்கு அது வந்து சேரவே இல்லை. வயதான காலத்தில் வழக்குப் போட வேண்டியதாயிற்று. சுவரில் தூங்குபவன், வயலில் தூங்க நேரமில்லாமல் நின்றவன்.

வியாபாரிகள் இதோடு நிற்கவில்லை. 1967இல் ஓர் அமெரிக்க வறுவல் கம்பெனி, சோளச் சிப்ஸ் விற்பதற்கு 'ஃப்ரிட்டோ பண்டிட்டோ' என்ற கேலிச்சித்திரத்தைக் கொண்டுவந்தது. பெரிய தொப்பி, முறுக்கு மீசை, கொச்சை ஆங்கிலம், பிறர் கையிலிருக்கும் சிப்ஸைத் திருடும் கொள்ளைக்காரன் வேஷம். அமெரிக்காவில் குடியிருந்த மெக்ஸிகோ வம்சாவளியினர் பொறுத்துக்கொண்டு இருக்கவில்லை. ஒன்று சேர்ந்து கண்டனம் தெரிவித்தார்கள். 1971இல் அந்த விளம்பரம் கைவிடப்பட்டது.

இந்தக் கதை தில்லித் தமிழர்களுக்குப் புரியாததல்ல. விந்திய மலைக்குத் தெற்கே இருப்பவர் அத்தனை பேரையும் 'மதராஸி' என்ற ஒரே சொல்லில் அடக்கிய நகரம் இது. 1968இல் வெளிவந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் ஏற்ற தமிழ்ப் பாட்டு வாத்தியார் வேடத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. அவர் நடிப்புத் திறமை மறுக்க முடியாதது. ஆனால் மறுநாள் ஆபீஸில் தமிழ்க் குமாஸ்தாவைப் பார்த்து அதே ராகத்தில் பேசிக் காட்டியவர்களுக்கு நடிப்புத் திறமை எதுவும் கிடையாது. பட்டை, குடுமி, ஐயய்யோ என்ற சொல், தட்டில் சாம்பார்: இவ்வளவுதான் ஒரு மொழிக்காரர் என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். இன்னமும் இருக்கிறார்கள்.

தில்லியில் தமிழ்க் குழந்தைகளுக்காக 1923இல் தோன்றிய அமைப்பின் பெயரே மதராஸி கல்விச் சங்கம் என்றுதான் இருந்தது. பிற்பாடு அது தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஆயிற்று. அதன் பள்ளிகளில் ஒன்று ஜனக்புரியிலேயே இருக்கிறது. மற்றவர் சூட்டிய பெயரிலிருந்து சொந்தப் பெயருக்கு வந்து சேர்ந்த பயணம் அது. அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, மெக்ஸிகோ ஓட்டலில் தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும்போது, "இந்த ஊர்க்காரர்கள் உண்மையில் எப்படி இருப்பார்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். படித்த படிப்புக்குப் பலன் வந்துவிடும்.

பண்டம் வந்தது, பக்குவம் வரவில்லை

சரி, சாப்பாட்டுக்கு வரலாம். மெக்ஸிகோ உணவு தமிழ் நாக்குக்கு அந்நியம் என்று நினைப்பவர்கள் தங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். மிளகாய் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. போர்த்துகீசியர் அதைக் கப்பலில் கொண்டுவந்தது 16ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் தமிழன் உறைப்புக்கு நம்பியது மிளகை. மிளகைப் போல் காரமுள்ள காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டான். தக்காளி பயிரானதும், மக்காச்சோளம் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் முதன்முதல் பயிரானதும் மெக்ஸிகோ மண்ணில்தான். பப்பாளியும் அந்தப் பக்கத்து மரமே. தில்லி ஆபீஸ் கான்டீன்களில் மத்தியானம் வாங்கிச் சாப்பிடும் ராஜ்மா சாவலில் ராஜ்மா, தக்காளி, மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அதே ராஜ்மா இனத்துப் பயறும் சோறும் மெக்ஸிகோவில் இன்றும் ஏழை எளியவரின் அன்றாடச் சாப்பாடு. ஜனக்புரிக் குமாஸ்தா டிபன் பாக்ஸில் கொண்டுபோவதை, ஓட்டல்காரர் தொப்பி மாட்டிப் பத்து மடங்கு விலைக்குத் தருகிறார் என்று சொன்னாலும் ரொம்பத் தப்பாகாது.

அந்த ஊர் அடுப்படியும் நம் ஊர் அடுப்படிக்கு ஒன்றுவிட்ட உறவு. அங்கே 'மெத்தாத்தே' என்றொரு கல் உண்டு. அம்மி தான் அது. மூன்று கால் மட்டும் அதிகம். அரைத்த மாவைச் சோளத் தோகையில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் 'தமாலே' என்ற பலகாரத்தைப் பார்த்தால், இலையில் வேகும் கொழுக்கட்டை ஞாபகம் வரும். ஆனால் அந்தச் சமையலின் உயிர் வேறொன்றில் இருக்கிறது. சோளத்தை அவர்கள் அப்படியே அரைப்பதில்லை. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பைக் கரைத்த நீரில் சோளத்தை வேகவைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, தோல் கழன்றபின் கழுவி அரைக்கிறார்கள். அப்படி அரைத்த மாவுதான் கையில் ஒட்டாமல், விண்டு போகாமல், மெல்லிய ரொட்டியாகத் தட்டப் பதமாகும். அந்த ரொட்டிக்குப் பெயர் டார்ட்டியா. பஞ்சாபி வீடுகளில் குளிர்காலத்தில் செய்யும் மக்கி ரொட்டி ஓரங்களில் வெடித்து உதிர்வதற்குக் காரணம், அதில் சுண்ணாம்புப் பக்குவம் இல்லாததே.

சுண்ணாம்பு ருசிக்கு மட்டுமல்ல. சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை அதுதான் உடம்புக்குக் கிடைக்கச் செய்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்பைச் சட்டை செய்யவில்லை. சோளத்தையே பிரதான உணவாகத் தின்ற இத்தாலிய ஏழைகளுக்கும், பிற்பாடு அமெரிக்காவின் தென் மாநில ஏழைகளுக்கும் பெல்லாக்ரா என்ற வியாதி வந்தது. தோல் வெடித்தது, வயிறு கெட்டது, சித்தம் கலங்கியது, உயிர் போயிற்று. தொற்று நோய் என்றே பலர் நம்பினார்கள். உணவில் உள்ள குறைதான் காரணம் என்று 1914க்குப் பிறகு டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் ஆய்வு செய்து காட்டினார். மெக்ஸிகோவின் கிழவிகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அத்தனை உயிர்களும் பிழைத்திருக்கும். பண்டம் கப்பலேறியது, பக்குவம் கப்பலேறவில்லை.

வேட ஓட்டல்கள் பலவற்றில் நடப்பதும் இதுதான். தொப்பி கப்பலேறுகிறது, கித்தார் கப்பலேறுகிறது, பக்குவம் மட்டும் துறைமுகத்திலேயே தங்கிவிடுகிறது. பாக்கெட்டில் வந்த சிப்ஸ் மேல் உருக்கிய பாலாடைக்கட்டியை ஊற்றி, தக்காளிச் சாறு தெளித்துத் தருகிறார்கள். மெக்ஸிகோவின் பாரம்பரியச் சமையலை 2010இல் யுனெஸ்கோ மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அது தொப்பிக்குக் கிடைத்த கௌரவமல்ல. சோள வயலுக்கும், சுண்ணாம்புக்கும், அம்மிக்கும், அதன் முன் மண்டியிட்டு அரைத்த பெண்களுக்கும் கிடைத்தது.

அமெரிக்காவில் 1962இல் தோன்றி உலகெங்கும் கிளை விட்ட டாக்கோ பெல் கம்பெனியின் அனுபவம் சுவையானது. இந்தியாவில் 2010இல் பெங்களூரில் அது கடை திறந்தது. மெக்ஸிகோவிலேயே 1992இல் ஒரு தடவையும், 2007இல் இன்னொரு தடவையும் கடை போட்டுப் பார்த்தது. இரண்டு தடவையும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. கொல்லன் தெருவில் ஊசி விற்க முடியுமா?

கலப்பு பாவமா?

இதையெல்லாம் சொல்வதால், அந்தந்த ஊர்ச் சாப்பாடு அந்தந்த ஊரில் இருப்பது போலவே இம்மி பிசகாமல் இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. நாச்சோஸ் என்ற பண்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க எல்லையை ஒட்டிய பியத்ராஸ் நெக்ராஸ் என்ற மெக்ஸிகோ ஊரில் 1940களில் இக்னாசியோ அனாயா என்பவர் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தார். எல்லைக்கு அப்பாலிருந்து அமெரிக்கப் படை அதிகாரிகளின் மனைவிமார் வந்தார்கள். சமையற்காரர் அந்நேரம் இல்லை. டார்ட்டியாவைத் துண்டு போட்டுப் பொரித்து, பாலாடைக்கட்டி தூவிச் சூடாக்கி, மேலே மிளகாய் வைத்துக் கொடுத்தார். இக்னாசியோவின் செல்லப் பெயர் நாச்சோ. அதுவே பண்டத்தின் பெயராயிற்று. இரண்டு நாடுகள் உரசும் இடத்தில் ஓர் உழைப்பாளியின் சமயோசிதத்தால் பிறந்த பலகாரம் அது. கலப்புதான்; ஆனால் போலி என்று யாரும் சொல்ல முடியாது.

தில்லியில் தோசைக்குள் பனீர் புகுந்ததும் அப்படித்தான். வந்த ஊரின் நாக்குக்கு ஏற்பச் சமைப்பவர் செய்யும் மாற்றம் சமையலுக்கு வளர்ச்சி. ஆனால் மாவைப் புளிக்கவே விடாமல், ஆப்பச் சோடாவைக் கொட்டித் தட்டையாக ஊற்றி, வாசலில் வாழைக் கன்றும் வெள்ளை வேட்டியும் கட்டி 'அசல் தென்னிந்தியா' என்று எழுதினால் அது வேறு விவகாரம். தில்லியின் ஜனவரிக் குளிரில் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றிக் குழந்தையைப் போல் பாதுகாத்துப் புளிக்க வைக்கும் ஜனக்புரித் தாய்மார்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. தன் ஊர்ப் பலகாரத்தில் காட்டும் இந்தக் கறாரை அடுத்த ஊர்ப் பலகாரத்துக்கும் காட்டுவதே நியாயம்.

தொப்பி போட்டுக்கொண்டு வரும் சிப்பந்தியின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தில்லி ஓட்டல்களில் அந்த வேலை பார்ப்பவர்கள் மெக்ஸிகோக்காரர்கள் அல்லர். கட்வால் மலையிலிருந்தோ, நேபாளத்திலிருந்தோ, மணிப்பூரிலிருந்தோ, வங்காளத்திலிருந்தோ பிழைக்க வந்த பிள்ளைகள். பிழைக்கப் போன ஓர் இனத்தின் உடையை, பிழைக்க வந்த இன்னோர் இனத்துப் பையன் மாட்டிக்கொண்டு, பிழைக்க வந்த மூன்றாம் இனத்துக் குடும்பத்துக்குப் பரிமாறுகிறான். சுவர் சொல்லாத கதை இது. "தம்பி, எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டால் முகம் மலரும்; போலித் தொப்பிக்கு அடியிலிருக்கும் மனிதன் தெரிவான்.

பில் வரும்போது

வேடிக்கை முடிந்து பில் வரும்போது விழிப்போடு இருப்பது சம்பளக்காரருக்கு அவசியம். நட்சத்திர ஓட்டலுக்கு வெளியே உள்ள சாதாரண உணவகங்களில் 2017 நவம்பர் 15 முதல் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். இது அரசாங்கத்துக்குப் போவது; கொடுத்துத்தான் ஆக வேண்டும். 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு வரி இருந்தால் அது வேறு. ஓட்டல்காரர் தாமாக அதைப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4இல் நெறிமுறை வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச் 28இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. நீக்கித் தரும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

பாட்டில் தண்ணீருக்கு அச்சடித்த விலையைவிட அதிகம் வாங்க ஓட்டல்களுக்கு உரிமை உண்டு என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே மேஜையில் உட்கார்ந்ததும் சாதாரணக் குடிநீர் என்று தெளிவாகக் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். மாமிசம் சாப்பிடாதவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். மெக்ஸிகோ முறைப்படி பயற்றை மசித்து வதக்கும்போது பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு. இங்கே பெரும்பாலும் எண்ணெயில்தான் செய்வார்கள் என்றாலும், கேட்டுத் தெரிந்துகொள்வது மனத்துக்கு நிம்மதி. சர்வீஸ் சார்ஜை நீக்கச் சொன்னவர்கள், பரிமாறிய பையன் கையில் இயன்றதைக் கொடுத்துவிட்டு வருவதும் முறை. பில்லில் எழுதிய பணம் யார் பைக்குப் போகிறது என்று சொல்ல முடியாது. கையில் கொடுத்தது கைக்குப் போகும்.

பாட்டியின் கேள்விக்குப் பதில்

ஆகவே, போகலாமா கூடாதா? கடன் வாங்காமல் போக முடிந்தால், ஒரு தடவை தாராளமாகப் போகலாம். குழந்தைகளின் கண்ணில் ஒரு மாலை முழுக்க ஒளி வீசினால் அதற்கும் ஒரு விலை உண்டு. அதைச் சிக்கனத்தின் பெயரால் அறவே மறுப்பது வறட்டுத்தனம். ஆனால் தொப்பியைப் பார்த்து அது மெக்ஸிகோ என்று நம்பிவிடாமல், இந்த டார்ட்டியா சோள மாவா, மைதா மாவா, சுண்ணாம்பு நீரில் பக்குவப்படுத்திய மாவா என்று கேட்க வேண்டும். பதில் தெரிந்த ஓட்டல் மதிக்கத் தக்கது. மைதா ரொட்டி வடக்கு மெக்ஸிகோவில் வழக்கம்தான். அதைச் சொல்லத் தெரிந்த ஓட்டலும் மதிக்கத் தக்கதே. பதில் தெரியாமல் விழிக்கும் ஓட்டலில் காசு சுவருக்குத்தான் போகிறது என்று தெரிந்துகொண்டு, இன்னொரு தடவை போகாமல் இருக்கலாம்.

ஜனக்புரியில் 2014இல் திறந்த தில்லி ஹாட்டிலும், பள்ளிக்கூட விழாக்களிலும், பொங்கல் கொண்டாட்டங்களிலும் பலகாரக் கடை போடும் தமிழ் அன்பர்களுக்கும் இதில் பாடம் உண்டு. வாழைமரமும் கோலமும் வேண்டியவைதான். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அடுத்த மொழிக்காரர் முதன்முதல் ஒரு வாய் தமிழ்ச் சாப்பாடு சாப்பிடுவது அந்தக் கடையிலாக இருக்கலாம். அன்று மாவு புளித்திருக்க வேண்டும். சாம்பாரில் பருப்பு இருக்க வேண்டும். போட்டுக் கொடுப்பவர் அந்தப் பண்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மற்றவர் கட்டிய சுவரில் தன் ஊர் பொம்மையாவதைப் பற்றி வருத்தப்படுபவர்கள், தாங்கள் கட்டும் சுவரையாவது பொய்யில்லாமல் கட்டலாம்.

சோள ரொட்டிக்கா இத்தனை காசு என்று பாட்டி கேட்டாளே, அதற்கும் பதில் இருக்கிறது. ஒழுங்காகச் செய்த சோள ரொட்டி என்றால் கொடுக்கலாம். அதன் பின்னால் ஓர் இரவு ஊறலும், சுண்ணாம்பும், அம்மியும், கைப்பக்குவமும் இருக்கின்றன. அதன் அருமை பாட்டிக்குத் தெரியாமல் போகாது. அடுத்த தடவை அவளையும் கூட்டிக்கொண்டு போவதே உத்தமம். தொப்பியைப் பார்த்து மயங்காமல் ரொட்டியை விண்டு பார்த்து விலை சொல்லக்கூடிய ஆள், அந்த மேஜையில் அவள் ஒருத்திதான்.